அம்மாயியின் தங்கையைக் கண்டிச்சீமையில் தேடுகிறோம் – எங்கே தொடங்குவது?

தேயிலைப்பூ | 12 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது முதல் தடவை. கோத்தகிரி பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள், இப்போது கோவையில் வேலை.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) 1973இல் கண்டிச்சீமையிலிருந்து, அதாவது இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர். அப்போது வயது 20, கல்யாணமாகி ஒரு வருடம். தாத்தா வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள். அம்மாயியைப் பெற்றவர்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள். 17 வயதுத் தங்கச்சி அப்பா அம்மாவோடு அங்கேயே நின்றுவிட்டார். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, வியாபாரக் கடன் வாங்கித் துறையூர் பக்கம் ஒரு பெட்டிக்கடை. கொழுந்தையும் கவ்வாத்துக் கத்தியையும் தவிர ஒன்றும் அறியாத மனிதர் பெட்டிக்கடை வைத்தால் என்ன ஆகும்? ஒரே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டு நீலகிரிக்கு மலையேறிவிட்டார்கள்.

1983 வரை தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்ததாம். அப்புறம் ஒன்றும் இல்லை. நாங்கள் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அங்கிருந்து கொண்டுவந்த சிங்கர் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் குடும்ப அட்டை, தாத்தா அம்மாயி இரண்டு பேருடைய பழைய பாஸ்போர்ட், கொஞ்சம் கடிதங்கள். முகநூலில் மூன்று குழுக்களில் போட்டோ போட்டுப் பார்த்தேன். நானூறு லைக் வந்தது, தகவல் ஒன்றுகூட வரவில்லை. யூடியூபில் தேடித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்டார், விட்டுவிட்டேன். அம்மாயியோ, "விடு சாமி, அவ என்கிட்ட பேச மாட்டா" என்கிறார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இதற்கென்று ஏதாவது அமைப்பு இருக்கிறதா? யாராவது தேடிக் கண்டுபிடித்தீர்களா?

நேர்ப்பேச்சு | 12 ஜனவரி 2025

ஐம்பது வருடம் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் கோபப்படாதீர்கள், ஆள் இருக்கிறாரா என்பதே சந்தேகம். அகதிகளுக்கு அரசாங்கம் எவ்வளவோ செய்கிறது, இதற்கும் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துப் பாருங்கள். மற்றபடி யூடியூப்தான் வழி.

சேரம்பாடிக்காரன் | 13 ஜனவரி 2025

முதலில் அந்த வார்த்தையைத் திருத்திக்கொள்ளுங்கள் நண்பரே. நாங்கள் அகதி இல்லை, தாயகம் திரும்பியோர். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள் அகதிகள். அவர்களுக்கு முகாம் தனி, சட்டம் தனி. எங்களைக் கொண்டுவந்தது ஒப்பந்தம். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்கள் என்று கணக்கில் இருந்த 9,75,000 இந்திய வம்சாவளிப் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், ஆளுக்கு 75,000. தீபாவளிச் சீட்டுப் பலகாரத்தைப் பங்கு போடுவது போல.

இதில் யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. தலைகளைத்தான் எண்ணினார்கள், வீடுகளை எண்ணவில்லை. கல்யாணமான மகன் ஒரு மனு, அப்பா ஒரு மனு, கட்டிக்கொடுத்த மகள் புருஷன் வீட்டு மனுவில். எங்கள் வீட்டிலேயே பெரியப்பா பதுளையில் நின்றுவிட்டார், அப்பா சேரம்பாடிக்கு வந்தார். தேயிலைப்பூ சொல்வது அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை, கூடலூர், பந்தலூர், கொளப்பள்ளி, கோத்தகிரி எங்கே கேட்டாலும் லயத்துக்கு ஒரு கதை கிடைக்கும். இங்கே வந்து ஐம்பது வருடம் ஆகியும் 'சிலோன்காரன்' என்ற பெயர் போகவில்லை. பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு நாயாய் அலைந்தது தனிக்கதை, அதை இங்கே எழுதினால் இழை திசைமாறிவிடும்.

நேர்ப்பேச்சு | 13 ஜனவரி 2025

சரி, வார்த்தை தப்புதான், மன்னிக்கவும். நான் ஊட்டிக்காரன், ஆனாலும் இந்த வித்தியாசம் இவ்வளவு நாள் தெரியாது.

குன்னூர் அக்கா | 13 ஜனவரி 2025

தேயிலைப்பூ, முன்பணம் கொடுக்காமல் விட்டீர்களே, அதுவே பாதி வெற்றி. நான் 31 வருடம் சமூகப்பணியில் இருந்து ஓய்வுபெற்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

உங்களுக்குப் பொருந்துவது செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புச் சேவை. ரத்தம் சேகரிப்பது, வெள்ள நிவாரணம் கொடுப்பது மட்டும்தான் செஞ்சிலுவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் தேடுவது அவர்களுடைய மிகப் பழைய வேலைகளில் ஒன்று, 1870இல் பிரெஞ்சு-ஜெர்மன் போர்க் காலத்திலேயே தொடங்கியது. முதல் உலகப் போரில் ஜெனீவாவில் கைதிகளின் பெயர்களை லட்சக்கணக்கான அட்டைகளில் எழுதி வைத்துத் தேடினார்கள். போர், கலவரம், பேரிடர், புலம்பெயர்வு இவற்றால் தொடர்பு அறுந்த நெருங்கிய உறவுகளைத் தேடுவார்கள். கட்டணம் கிடையாது. யாராவது "ரெட் கிராஸில் சொல்லிச் செய்து தருகிறேன், செலவுக்குக் கொடுங்கள்" என்றால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மனு இங்குள்ள கிளை வழியாகவோ நேராகவோ டெல்லியில் உள்ள இந்திய செஞ்சிலுவைத் தலைமையகத்துக்குப் போகும். அங்கிருந்து இலங்கைக்குப் போகும். நம் மாவட்டத்துக் கிளைக்குக் கலெக்டர்தான் தலைவர் என்பதால், கலெக்டர் ஆபீசில் கேட்கச் சொன்ன நேர்ப்பேச்சு ஒருவகையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

இரண்டு விஷயம் கவனம். ஒன்று, மனுதாரர் அம்மாயியாக இருக்க வேண்டும். உடன்பிறந்தவள் தேடுகிறாள் என்றால் அது குடும்பத் தேடல். பேத்தி தேடினால், வம்ச வரலாறு ஆராய்கிறாய் என்று ஒதுக்கிவிடக்கூடும். சொத்துக்காகத் தேடுவது, வாரிசு விவகாரம் இவற்றையும் எடுக்க மாட்டார்கள். இரண்டு, தொடர்பு எப்படி, எப்போது அறுந்தது என்பதைச் சரியாக எழுதுங்கள். "ரொம்ப நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை" என்று எழுதினால் அது குடும்பச் சண்டை. "1983க்குப் பிறகு கடிதம் நின்றது" என்பது வேறு.

அவர்களுக்கு வேண்டியது பாசம் இல்லை, விவரம். தேடப்படுபவரின் முழுப்பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த வருடம், கடைசியாக இருந்த முகவரி, கணவர் பெயர், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயர். ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டக்கூடியது எதுவானாலும் சரி. இலங்கை மலையில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

தேயிலைப்பூ | 14 ஜனவரி 2025

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், பெட்டியைத் திறந்தாயிற்று. சின்ன அம்மாயியின் பெயர் ஒரு கடிதத்தில் ஒரு மாதிரி, தாத்தா எழுதி வைத்த நோட்டில் வேறு மாதிரி இருக்கிறது. 'லட்சுமி'யை 'லெட்சுமி' என்று எழுதுவது போல. எது சரி என்று கேட்டால் அம்மாயி, "ரெண்டும் அவதான்" என்கிறார். தோட்டத்தின் பெயரும் அம்மாயி சொல்வது வேறு, பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு. பாஸ்போர்ட் எண்ணைக் கீழே தருகிறேன், யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

[எண் நீக்கப்பட்டது]

மட்டறுத்துநர் | 14 ஜனவரி 2025

எண்ணை நீக்கிவிட்டேன். பெயர், தோட்டம், ஆவண எண் எதையும் பொதுவில் போட வேண்டாம். நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் மட்டும் இங்கே படிப்பதில்லை.

ஹட்டன் மழை | 15 ஜனவரி 2025

தேயிலைப்பூ தங்கச்சிக்கு வணக்கம். நான் கடலுக்கு இந்தப் பக்கம் மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தாவின் அண்ணன் தம்பி மூன்று பேரும் உங்கள் பக்கம்தான் வந்தார்கள், கூடலூரோ ஊட்டியோ என்று சரியாகத் தெரியாது. நாங்களும் தேடுகிறோம். அதனால் நீங்கள் கேட்பது எனக்கு நல்லாய் விளங்குது.

தோட்டத்துப் பெயர் இரண்டாக இருப்பது பிழை இல்லை. இங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரை வைத்த பெயர் ஒன்று, நம் சனம் வைத்த பெயர் ஒன்று. கங்காணியின் பெயர், மலையின் பெயர், பக்கத்து ஆறு, கோயில், எதுவும் தோட்டத்தின் பெயராகிவிடும். உங்கள் அம்மாயிக்குத் தெரிந்தது சனத்தின் பெயர். கச்சேரியில் (அரசாங்க அலுவலகத்தில்) அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் இருப்பதையே மனுவில் எழுதுங்கள், சனத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். தோட்டத்துக்குப் போய்க் கேட்கும் ஆளுக்கு அதுதான் உதவும்.

பிறப்புப் பதிவு வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் தேடலாம். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்பைத் தோட்ட நிர்வாகம்தான் பதிவுக்கு அனுப்பியது, அதனால் ஓரளவுக்கு இருக்கும். தோட்டத்து ஒபிசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) இருந்தால் உங்களுக்கு லொத்தர், அதாவது லாட்டரி, விழுந்த மாதிரி. ஆனால் தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் கம்பெனிகளுக்குக் கை மாறியவை. ஒவ்வொரு கை மாறும்போதும் புத்தகங்கள் எங்கே போயின என்று பெரிய கிளாக்கருக்கே தெரியாது. எங்கள் தோட்டத்தில் கொஞ்சத்தைக் கறையான் தின்றது, கொஞ்சத்தைக் கடலை சுற்றக் கொடுத்துவிட்டார்கள்.

பாண்டியாறு | 15 ஜனவரி 2025

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது வேறு மாதிரி. என் சித்தி மகளைக் கட்டிக்கொடுத்தது சமவெளியில் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்த பையனுக்கு. அவர் 2019இல் இலங்கைக்குத் திரும்பிவிட்டார், இவளும் பிள்ளையும் இங்கே. பிள்ளை இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தது, நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அங்கே போய் அப்பாவோடு சேர வேண்டும் என்றால் அது போதாது என்கிறார்கள். யாரிடம் போவது?

குன்னூர் அக்கா | 15 ஜனவரி 2025

பாண்டியாறு, உங்களுடையது செஞ்சிலுவைக்குப் போக வேண்டியது இல்லை. அப்பா எங்கே என்று தெரிகிறதே. உங்களுக்கு வேண்டியது காகிதம். இலங்கைப் பிரஜைக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைப் பிரஜையாகப் பதிய வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில்தான் அது நடக்கும். நம் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு எல்லாம் கேட்பார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா? முகாம் கல்யாணங்களில் பெரும்பாலும் சிக்குவது அந்த இடத்தில்தான். இந்த வேலையில் பழக்கம் உள்ளவர்கள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார். 1984இலிருந்து முகாம்களில் வேலை செய்கிறவர்கள், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய முகாம் தொண்டரைப் பாருங்கள். உங்கள் சித்தி மகள் இந்தியப் பிரஜை, எந்த விசாவில் போவது, எவ்வளவு நாள் இருப்பது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காகிதம் கிடைத்துத் தாய்க்குக் கிடைக்காமல் நின்ற குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். புருஷன் வெளிநாட்டில் இருந்துகொண்டு ஜீவனாம்சம் தராமல் ஏய்ப்பது, பிள்ளையை ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவது, பெற்றோர் இல்லாத பிள்ளையை வெளிநாட்டுச் சித்தப்பாவிடம் ஒப்படைக்கலாமா என்று கோர்ட் கேட்பது, இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே சர்வதேச சமூக சேவை என்று ஓர் அமைப்பு 1924இலிருந்து இருக்கிறது. தலைமையிடம் ஜெனீவா. அவர்கள் செய்வது எளிமையான வேலை. இந்தக் கரையில் ஒரு சமூகப் பணியாளர், அந்தக் கரையில் ஒருவர். இவர் இங்கே வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுவார், அவர் அங்கே போய்ப் பார்த்து எழுதுவார். இரண்டு அறிக்கையும் சேர்ந்தால்தான் பிள்ளை எங்கே இருப்பது நல்லது என்று முடிவெடுக்க முடியும். எங்கள் காலத்தில் இப்படி வந்த கடிதம் ஒன்றுக்காக நான் கொலக்கம்பை பக்கம் மழையில் நாலு கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லை, பூட்டு. மறுநாள் மறுபடியும் நடந்தேன். சேவை என்றால் கடைசியில் அதுதான், யாராவது ஒருவர் நடக்க வேண்டும்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டிக் கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

பாண்டியாறு | 16 ஜனவரி 2025

கல்யாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. முதல் வேலை அதுதான் போல. ரொம்ப நன்றி அக்கா.

தபால்காரர் மகன் | 17 ஜனவரி 2025

நான் படுகர். எங்கள் அப்பா கோத்தகிரிப் பக்கம் 28 வருடம் தபால் கொடுத்தவர். சிலோன் கடிதம் வந்தால் பையின் மேலே வைத்துக்கொண்டு போவாராம். ஏனென்றால் அந்த லயத்தில் டீ கட்டாயம் உண்டு. படித்துக் காட்டச் சொல்லிப் பாதிப் பேர் அவரையே உட்கார வைத்துவிடுவார்கள், பதிலும் அவரே எழுதிக் கொடுப்பார். எங்கள் ஊருக்குள் சிலோன்காரர்களைப் பற்றி ஆயிரம் பேச்சு இருந்த காலம் அது. அப்பா மட்டும் யாரையும் பேச விடமாட்டார், அவர்கள் வீட்டு அழுகையெல்லாம் அவருக்குத் தெரியும்.

தேயிலைப்பூ, ஒன்று கேட்கிறேன். கடிதத்தைப் படித்தீர்கள், உறையைப் பார்த்தீர்களா? உள்ளே எழுதும் முகவரி பழைய முகவரியாகவே இருக்கும், பழக்கத்தில் எழுதுவது. தபால் முத்திரை பொய் சொல்லாது. கடைசியாக வந்த நாலைந்து உறைகளை வெயிலில் சாய்த்துப் பிடித்து முத்திரையில் ஊர் பெயர் என்ன என்று பாருங்கள்.

தேயிலைப்பூ | 19 ஜனவரி 2025

எனக்குக் கை நடுங்குகிறது. 1976 வரைக்கும் உள்ள உறைகளில் ஹட்டன். 1978இலிருந்து உள்ள மூன்றிலும் வவுனியா! ஐம்பது வருடமாக வீட்டில் இருக்கிற கடிதங்கள், ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நாங்கள் போட்ட கடிதமெல்லாம் பழைய தோட்டத்துக்குத்தான் போயிருக்கிறது.

ஹட்டன் மழை | 19 ஜனவரி 2025

1977 என்று நினைத்தேன், சரியாக இருக்கிறது. அந்த வருடம் ஓகஸ்ட் கலவரத்தில் தோட்டங்களில் லயங்களைக் கொளுத்தினார்கள். அதற்கு முன்னமே 1974இல் பஞ்சம், மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத காலம் என்று பெரிசுகள் சொல்லும். இரண்டும் சேர்ந்து எங்கள் சனத்தில் நிறையப் பேர் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போனார்கள், தமிழ் ஊர் என்றால் பாதுகாப்பு என்று நம்பி. பிறகு போர் அங்கேதான் நடந்தது. ஒரு குடும்பம் நீலகிரி, ஹட்டன், வன்னி என்று மூன்றாகப் பிரிந்தது இப்படித்தான். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களில் மலையகத்தில் இருந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

இனி நீங்கள் ஹட்டனில் தேடிப் பயனில்லை. வன்னி என்றால் செஞ்சிலுவையார் நல்லாய் அறிந்த இடம். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 1989இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, காணாமல் போனவர்களைத் தேடுவதுதான் அவர்களின் பெரிய வேலை.

நேர்ப்பேச்சு | 20 ஜனவரி 2025

தபால்காரர் மகனுக்கு ஒரு சல்யூட். நானும் சும்மா இருக்காமல் செஞ்சிலுவை விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஒன்று உறுத்துகிறது. ஆளைக் கண்டுபிடித்தாலும், அவர் சம்மதித்தால்தான் முகவரியைத் தருவார்களாம். கூடப் பிறந்த அக்காவுக்கே முகவரி தரமாட்டேன் என்பது என்ன நியாயம்? தேடச் சொல்வது நாம், தேடி முடித்தபின் வாயை மூடிக்கொள்வதா?

குன்னூர் அக்கா | 20 ஜனவரி 2025

நியாயம்தான் நேர்ப்பேச்சு. தேடுகிறவர் பக்கம் நின்று பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். தேடப்படுகிறவர் பக்கம் போய் நின்று பாருங்கள். எல்லோரும் பாசத்தால் தேடுவதில்லை. அடித்த புருஷனும் தேடுவான். கடன்காரனும் தம்பி என்று சொல்லிக்கொண்டு தேடுவான். போர் நடந்த ஊரில் ஆளைத் தேடுகிறவர் யார், எதற்கு என்பது உயிர்ப் பிரச்சினை.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் உயிரோடு, நலமாக இருந்தார். ஆனால் தொடர்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இங்கே இருந்த அம்மாவிடம் "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார், ஆனால் முகவரி தர அனுமதிக்கவில்லை" என்று சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் விதி சரி.

நேர்ப்பேச்சு | 20 ஜனவரி 2025

ம்ம். எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

சேரம்பாடிக்காரன் | 21 ஜனவரி 2025

அப்படியானால் 'அவ பேச மாட்டா' என்று அம்மாயி சொல்வதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தேயிலைப்பூ, மனுப் போடும் முன்னால் அதை என்ன என்று கேளுங்கள்.

தேயிலைப்பூ | 9 பிப்ரவரி 2025

போன வாரம் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய் மனுக் கொடுத்தாயிற்று. அங்கே இருந்தவருக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே முதலில் தெரியவில்லை, தேடி எடுக்க அரை நாள் ஆனது. ஆனாலும் தட்டிக் கழிக்கவில்லை, டெல்லிக்குப் போன் போட்டுக் கேட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து எழுதிக்கொண்டார். இரண்டு விதமான பெயரும் எழுதினோம், தோட்டத்தின் இரண்டு பெயரும் எழுதினோம், வவுனியா முத்திரை உள்ள உறையின் நகலும் வைத்தோம். கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மாயி ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கட்டபெட்டு தாண்டியதும் அவராகவே சொன்னார். அந்தத் தையல் மெஷின் அவருடையது இல்லையாம். தங்கச்சி தைக்கப் பழகுகிறாள் என்று அவர் அப்பா சீட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்ததாம். இந்தியாவுக்குப் போகிறவள் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் அப்பாவே தூக்கி இவர் சாமானோடு வைத்துவிட்டார். தங்கச்சி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வரவில்லை. கடிதம் எழுதியதெல்லாம் அப்பா சொல்லி எழுதிய கடிதங்களாம், தானாக ஒரு வரிகூட எழுதவில்லையாம். நான் இத்தனை நாளும் அந்த மெஷினில்தான் ஸ்கூல் யூனிபார்ம் தைத்துப் போட்டிருக்கிறேன்.

தபால்காரர் மகன் | 9 பிப்ரவரி 2025

கட்டபெட்டு வளைவுகளில் வாய் திறக்காதவர்கள் யாரும் கிடையாது.

ஹட்டன் மழை | 3 மே 2025

ஏதும் செய்தி வந்ததா தங்கச்சி?

தேயிலைப்பூ | 4 மே 2025

இல்லை அண்ணா. மனு கிடைத்தது, இலங்கைக்கு அனுப்பிவிட்டோம் என்று மட்டும் தகவல் வந்தது. அம்மாயி இப்போது தினமும் "தபால் வந்துச்சா" என்கிறார். முன்பு விடு சாமி என்றவர்தான்.

தேயிலைப்பூ | 24 ஆகஸ்ட் 2025

எல்லோரும் இருக்கிறீர்களா?

சின்ன அம்மாயி கிடைத்துவிட்டார். வவுனியா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். முதலில் வந்தது 'செஞ்சிலுவைச் செய்தி' என்ற ஒரு தாள். குடும்ப விஷயம் மட்டும் எழுதலாம், உறை கிடையாது, யாரும் படிக்கலாம் என்ற மாதிரி ஒரு படிவம். அதில் சின்ன அம்மாயியின் மகள் எழுதியிருந்தார். கணவர் 1990இல் இறந்துவிட்டார், ஒரு மகனை 2009இலிருந்து காணவில்லை. அவனைத் தேடி இவர்கள் ஏற்கெனவே அங்கே பதிந்து வைத்திருந்ததால்தான் இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபமானதாம். இதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் தேடிக்கொண்டிருந்தவர் வேறு ஒருவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

முகவரி தரச் சம்மதம் என்று கீழே கையெழுத்து. போன் நம்பரும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினார்கள். எங்கள் லயத்தில் டவர் கிடைக்காது, மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அம்மாயியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி.

"மிஷின் ஓடுதா?"

"ஓடுது. பாபின் மாத்திட்டேன்."

"பெல்ட்டு?"

"அதுவும் மாத்தியாச்சு."

"அப்ப என்னதான் பழசு?"

"தலை."

அதோடு பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள். அப்பா கொடுத்தது, நீ கேட்டு வாங்கினது, கேட்கவே இல்லை, அம்மா சாட்சி, அம்மாவா, அம்மா உன் பக்கம்தானே. இருபது நிமிடம். மகள் அந்தப் பக்கம் போனைப் பிடுங்கப் பார்க்கிறார், நான் இந்தப் பக்கம். அம்மாயியின் முகத்தை நான் இதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை.

குன்னூர் அக்கா | 24 ஆகஸ்ட் 2025

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். நல்லது மகளே. காணாமல் போன பையனைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம்.

சேரம்பாடிக்காரன் | 25 ஆகஸ்ட் 2025

நானும் பெரியப்பாவுக்கு மனுப் போடப் போகிறேன். எங்கள் வீட்டில் உறைகள் இல்லை, அப்பா தபால்தலைக்காக எவனுக்கோ கொடுத்துவிட்டார்.

தேயிலைப்பூ | 31 ஆகஸ்ட் 2025

அம்மாயி பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடச் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மறுபடி கப்பல் ஓடுகிறதே, அதில்தான் போவாராம், விமானம் வேண்டாமாம். மெஷினை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கால், பலகை, சக்கரம் எல்லாம் சேர்த்து அவ்வளவு பெரியதைக் கப்பலில் விடுவார்களா?

நேர்ப்பேச்சு | 31 ஆகஸ்ட் 2025

சுமை எவ்வளவு என்று டிக்கெட் போடும்போதே கேளுங்கள். சுங்கத்தில் பழைய சாமான் என்று எழுதிக்கொடுங்கள்.

தபால்காரர் மகன் | 1 செப்டம்பர் 2025

முழுசாக எதற்கு? தலையை மட்டும் கழற்றுங்கள். பின்னால் கீல் இருக்கும், இரண்டு திருகுதான். இரண்டு பழைய கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் போதும். காலும் பலகையும் வவுனியாவில் கிடைக்காமலா போகும்?

தேயிலைப்பூ | 1 செப்டம்பர் 2025

சொன்னேன். "தலை மட்டும்னா சரி, ஆனா பாபின் டப்பாவையும் எடுத்து வை, இல்லாட்டி அதுக்கு வேற ஒரு சண்டை போடுவா" என்கிறார்.